மில்லிங் செய்த பழைய தாரைக் கலந்து போடும் சாலை தாங்குமா?

உங்கள் தெருவில் சுரண்டி (மில்லிங் செய்து) எடுத்த பழைய தார்க்கலவையையே சேர்த்துப் புதுச் சாலை போடப் போவதாகவும், ஆய்வக அறிக்கையில் மார்ஷல் வலிமை நன்றாக இருப்பதாகவும் எழுதி, அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் சாலைப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மார்ஷல் சோதனையில், அச்சில் வார்த்த உருளையை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்து நசுக்குகிறோம். 9 கிலோநியூட்டன் தாங்கினால் போதும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டு இறுகிப்போன பிட்டுமன் (நாம் தார் என்று சொல்லும் கரும்பசை) கலந்திருப்பதால், பழைய கலவையின் அளவு கூடக் கூட இந்த எண்ணும் பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும். சக்கரத்தடம் பதியும் சோதனையிலும் இத்தகைய கலவை நன்றாகவே தேறும். பேருந்து நிறுத்தங்களில் விழும் பள்ளத்தைவிட, இதில் அஞ்ச வேண்டியது விரிசலைத்தான்.

விரிசலைச் சோதிக்க, உருளையைப் படுக்கவைத்து, 25 டிகிரியில், நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிளக்கிறோம். புது பிட்டுமன் போதிய அளவு இருந்தால், உச்சத்தைத் தொட்ட பிறகு திரையில் விசையைக் காட்டும் கோடு மெல்லச் சரியும். பழையது மிகுந்து, அதற்கேற்ற இளக்கியோ (இறுகிய பிட்டுமனை மீண்டும் இளகச் செய்யும் சேர்மானம்) இளகிய தரப் பிட்டுமனோ சேர்க்காமல் விட்டிருந்தால், உச்சம் உயர்ந்து நின்று, அடுத்த நொடியே செங்குத்தாக விழும். உச்சத்தைவிட அந்தச் சரிவே எனக்கு முக்கியம். அச்சில் வார்த்த மாதிரிகளை 85 டிகிரி அடுப்பில் ஐந்து நாள் வைத்து முதுமையேற்றிய பின்பும் இதைச் செய்ய வேண்டும். ஏனெனில் சாலை விரிசல் விடுவது போட்ட மறுநாள் அல்ல.

வடகிழக்குப் பருவமழையில் தெருவே நாட்கணக்கில் நீரில் நிற்கும் ஊர் இது என்பதால், நனைத்த மாதிரியின் இழுவலிமை (பிளக்கும்போது தாங்கும் வலிமை) நனைக்காததில் 80 சதவீதமாவது இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். விகிதம் தேறினாலும், பிளந்த துண்டின் முகத்தை நான் கையில் எடுத்துப் பார்க்காமல் விடுவதில்லை: கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய இடத்தில் ஜல்லியின் சாம்பல் நிறம் தெரிந்தால், தார் கல்லை விட்டு உரிகிறது என்று பொருள்.

இவ்வளவும் சரியாக இருக்க, மாதிரி சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பல தெருக்களில் சுரண்டியதை ஒரே குவியலாகக் கொட்டும்போது, ஒரு புறத்தில் பொடியும் மறுபுறத்தில் கட்டியுமாகப் பிரிந்துவிடும். அடியில் மழை ஈரமும் தங்கும். குவியலின் பல இடங்களில் எடுத்து, பிட்டுமனைக் கரைத்துப் பிரித்து, அதன் அளவையும் இறுக்கத்தையும் அளந்த பிறகே கலவை விகிதத்தை முடிவு செய்ய வேண்டும்.

சாலை உயர உயர வீட்டு வாசல் பள்ளமாகிப்போவதைப் பார்த்தவன் என்பதால், சுரண்டிப் போடுவதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அறிக்கையில் விரிசல் சோதனை இல்லையென்றால், தார் வண்டி தெருவுக்குள் வருமுன் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.