முதல் கட்டானா வாங்குவோருக்கு: கேள்வி பதில்

ஜப்பானிய பாணி வாள் ஒன்றை முதன்முறையாக வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வாளை உறையிலிருந்து உருவி வீசும் ஜப்பானியக் கலையான இயாய்தோவைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயின்று வருகிறேன். அந்தக் காலத்தில் நல்ல வாளும் கெட்ட வாளுமாகப் பலவற்றைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன்.

என்னிடம் 250 அமெரிக்க டாலர் இருக்கிறது. இதற்கு உண்மையான கட்டானா கிடைக்குமா?

'உண்மையான' என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உரிமம் பெற்ற கொல்லர் ஒருவர் ஜப்பானிலேயே தமஹாகனே என்னும் எஃகை அடித்து உருவாக்கிய வாளைத்தான் நிஹொன்தோ என்பார்கள். அந்த எஃகு ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில், குளிர்காலத்தில் மட்டும் மூட்டப்படும் தத்தாரா உலையில், இரும்பு மணலையும் மரக்கரியையும் கொண்டு எடுக்கப்படுகிறது. கொல்லராக விரும்புபவர் ஒரு குருவிடம் ஐந்து ஆண்டுகள் தொழில் பயின்றிருக்க வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் அவர் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வாளின் விலை பல லட்சம் யென்னில் இருப்பதில் வியப்பில்லை.

உங்கள் தொகைக்குக் கிடைப்பது, பெரும்பாலும் சீனாவின் செஜியாங் மாகாணத்து லொங்ச்சுவான் நகரப் பட்டறைகளில், இக்காலத்துக் கார்பன் எஃகில் செய்யப்பட்ட வாள். வாள் வடிப்பதற்குப் பழங்காலம் தொட்டே பெயர்பெற்ற ஊர் அது. ஏறத்தாழ 150 முதல் 300 டாலருக்குள், வெட்டுப் பயிற்சியைத் தாங்கக்கூடிய நேர்மையான வாள் அங்கிருந்து வருகிறது. அதே விலைக்கு, பளபளப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத வாளும் அங்கிருந்தே வருகிறது. ஆகவே விலையை மட்டும் வைத்துத் தரத்தைத் தீர்மானிக்க முடியாது.

1045, 1060, 1095, டி10, 9260 என்று எஃகின் பெயர்கள் குழப்புகின்றன. முதல் வாளுக்கு எது ஏற்றது?

10 என்று தொடங்கும் எண்கள் கார்பனைத் தவிர வேறு கலப்பு அதிகம் இல்லாத எஃகைக் குறிப்பவை. கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பனின் அளவைச் சொல்கின்றன. 1045 என்றால் 0.45 விழுக்காடு, 1060 என்றால் 0.60 விழுக்காடு, 1095 என்றால் 0.95 விழுக்காடு. கார்பன் கூடக் கூட எஃகை அதிகக் கடினமாக்கலாம், கூர்மையும் நெடுநாள் நிற்கும். ஆனால் தோய்ச்சலில் (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பதில்) சிறு பிழை நேர்ந்தாலும் வாய் (வெட்டும் விளிம்பு) தெறிக்கும் ஆபத்தும் கூடவே வளரும். டி10 என்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடு கார்பன் உள்ள சீனக் கருவி எஃகு. 9260 ஏறத்தாழ இரண்டு விழுக்காடு சிலிக்கன் கலந்த வில்லெஃகு. தவறான கோணத்தில் வெட்டினாலும் அது வளைந்து, பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

கற்றுக்கொள்பவரின் கை தவறு செய்யும் கை என்பதால், முதல் வாளுக்கு முழுவதும் ஒரே சீராகத் தோய்ச்சல் போட்ட 1060 அல்லது 9260 எஃகையே நான் பரிந்துரைக்கிறேன். நல்ல பட்டறையில் பதம் பார்த்துச் செய்த 1045, மோசமாகச் செய்த 1095ஐவிடப் பல மடங்கு மேலானது. 420, 440 என்ற எண்களோடு வரும் துருப்பிடிக்காத எஃகு வாளைச் சுவரில் மாட்டலாம், கையில் எடுத்து வீசக் கூடாது. அந்த எஃகு சமையல் கத்திக்கு நன்றாக உழைக்கும். இரண்டடிக்கு மேல் நீண்ட வாளில் அடி விழும்போது அது முறியக்கூடும், முறிந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாயோரத்தில் அலைபோன்ற வெள்ளைக் கோடு உள்ள வாள்தான் தரமானதா? ஆயிரம் முறை மடித்து அடித்தது என்றும் விளம்பரத்தில் சொல்கிறார்களே?

அந்தக் கோட்டுக்கு ஹமொன் என்று பெயர். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கும்போது, வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமொன். இந்த முறையில் செய்த வாளின் வாய், கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டியும் முதுகு 40ஐ ஒட்டியும் இருக்கலாம். அழகும் வெட்டும் திறனும் அதில் உண்டு. ஆனால் கோணம் தவறினால் மென்மையான முதுகு வளைந்து வளைந்தபடியே நின்றுவிடும். மலிவு வாள்கள் பலவற்றில் இக்கோடு அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ வரையப்பட்டதாகவே இருக்கிறது. ஒற்றை விளக்கின் கீழ் வாளைச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான ஹமொன் ஒளியின் கோணத்துக்கேற்பத் தோன்றியும் மங்கியும் இருக்கும், எல்லையில் நுண்ணிய படிகத் துகள்கள் பனிபோல மின்னும். வரைந்த கோடு எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி நிற்கும்.

மடிப்பைப் பொறுத்தவரை, தமஹாகனேயில் கார்பன் சீராகப் பரவியிருக்காது, கசடும் இருக்கும். அவற்றைச் சரிசெய்யவே ஜப்பானியக் கொல்லர் அதைப் பத்துப் பதினைந்து முறை மடித்து அடித்தார். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால் பத்து மடிப்பிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட அடுக்குகள் வந்துவிடும். 'ஆயிரம் முறை' என்ற விளம்பரம் இந்தக் கணக்கைத் திரித்துச் சொல்வது. ஆலையிலிருந்து சீராக வரும் இன்றைய எஃகுக்கு மடிப்பு வலிமை சேர்ப்பதில்லை. அடுக்குகள் சரியாக ஒட்டாத இடம் இருந்தால் குறையே சேரும். குறைந்த தொகையில் வாங்குபவர் மடிப்புக்கென்று கூடுதலாக ஒரு டாலரும் தர வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் எதைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும்?

கைப்பிடியைப் பார்த்து. இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்ல விரும்புகிறேன். விலை குறைந்த வாளில் அலகு ஓரளவு நன்றாகவே அமைந்துவிடும், ஏனென்றால் விற்பனைப் படத்தில் தெரிவது அதுதான். செலவைக் குறைப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே குறைக்கிறார்கள்.

அலகின் அடிப்பகுதி கைப்பிடிக்குள் நீண்டு செல்லும். அதை நாகாகோ என்பார்கள். அது அலகோடு ஒரே துண்டாக, அதே அகலத்தில் தொடங்கி, கைப்பிடியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். அலங்கார வாள்களில் இதற்குப் பதிலாக, எலிவால் போன்ற மெல்லிய மரையாணிக் கம்பி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பற்றுவைப்பு விட்டால் அலகு முழுவதும் கழன்று பறக்கும். நல்ல வாளில் நாகாகோவைக் கைப்பிடியோடு பிணைப்பது மெகுகி எனப்படும் ஒன்றோ இரண்டோ மூங்கில் முளைகள் மட்டுமே.

வாள் கைக்கு வந்ததும் அதைக் கழற்றிப் பாருங்கள். முளை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும்; மெலிந்த பக்கத்திலிருந்து சிறு பித்தளைச் சுத்தியால் தட்டினால் வெளியே வந்துவிடும். பிறகு கைப்பிடியின் அடிப்பகுதியை இடக்கையால் பிடித்து, வாளை மேல்நோக்கிச் சற்றே சாய்த்து நிறுத்தி, வலக்கை முஷ்டியால் இடது மணிக்கட்டின் மேல் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டில் அலகு அரை விரல் அளவு எழும்பும். அப்போது அலகின் கழுத்தில் இருக்கும் ஹபாகி என்ற உலோகப் பட்டையைப் பிடித்து வெளியே எடுக்கலாம். உள்ளே பாருங்கள். மரம் நாகாகோவின் வடிவத்துக்கேற்பக் குடையப்பட்டிருக்க வேண்டும். இடைவெளியில் காகிதமோ அட்டையோ திணித்திருந்தால், துளையைச் சுற்றி விரிசல் தெரிந்தால், அந்த வாளை வீசாமல் திருப்பி அனுப்புங்கள். கைப்பிடியின் மேல் சுற்றியிருப்பது உண்மையான திருக்கை மீன் தோலா, நெகிழியா என்று பாருங்கள். தோலின் மேல் சுற்றிய நாடாவின் குறுக்கு மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் நகரக் கூடாது.

என் முதல் வாளில் இவை எதையும் நான் பார்க்கவில்லை. நனைத்த பாய்ச்சுருளை மூன்றாம் முறை வெட்டியபோது, கைக்குள் 'டிக்' என்று மெல்லிய ஒலி கேட்டது. நிறுத்திப் பார்த்தால், கைகாப்புத் தகட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நகத்தின் தடிமன் அளவு இடைவெளி விழுந்திருந்தது. மூங்கில் என்று சொல்லி அந்தப் பட்டறை போட்டிருந்த முளை, விரலால் நசுக்கக்கூடிய ஏதோ ஒரு மென்மரம். அது பாதி பிளந்திருந்தது. எதிரில் இரு நண்பர்கள் நின்றிருந்தார்கள். அன்றிலிருந்து புதிய வாள் எதுவாயினும், அதன் முளையை நானே செதுக்கிப் போட்ட பிறகுதான் வீசுகிறேன். நன்கு காய்ந்த கெட்டி மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய பகுதியில்தான் நார் நெருங்கியிருக்கும், முளைக்கு உகந்தது அதுவே. ஜப்பானியர் பல்லாண்டு அடுப்புப் புகையில் கிடந்த பழைய மூங்கிலை இதற்குத் தேடி எடுப்பார்கள்.

இயாய்தோ வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கூரான வாளே வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். பெரும்பாலும் இயாய்தோவுக்கென்றே செய்யப்படும் கூரற்ற பயிற்சி வாளைத்தான் சொல்வார். அதற்கு இயாய்டோ (iaito), அதாவது இயாய் வாள், என்று பெயர். ஜப்பானில் பதிவு செய்யப்படாத எஃகு வாளுக்கு இடமில்லை என்பதால், இதன் அலகைத் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள். இதற்குக் கூர் தீட்டவும் முடியாது, இதைக் கொண்டு எதையும் வெட்டவும் கூடாது. கிஃபு மாகாணத்தின் செக்கி நகரில் செய்யப்படும் நல்ல பயிற்சி வாள் 250 டாலரைத் தாண்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பத்து ஆண்டுகள் உழைக்கும். உறையிலிருந்து உருவும்போதும் திரும்பச் செருகும்போதும் இடக்கை விரல்கள் உறையின் வாயருகே இருக்கின்றன. கூரான வாளோடு அதைக் கற்றுக்கொள்வதில் விரலை இழக்கும் ஆபத்து உண்டு.

என் உயரம் 170 செ.மீ. எந்த நீளம் எடுப்பது? அலகில் நீளப் பள்ளம் வேண்டுமா?

ஜப்பானியர் அலகை ஷாகு கணக்கில் அளப்பார்கள். ஒரு ஷாகு 30.3 செ.மீ. இரண்டு ஷாகுவுக்கு மேற்பட்டதே கட்டானா. உயரத்திலிருந்து 100ஐக் கழித்தால் வரும் எண்ணை ஒட்டித் தொடங்கலாம் என்பது பயிற்சிக் கூடங்களில் வழங்கும் எளிய கணக்கு. உங்களுக்கு 70 முதல் 73 செ.மீ. வரை பொருந்தும். கடைகளில் எல்லாருக்கும் ஒரே நீளமாக விற்பதும் ஏறத்தாழ இதுவே.

பள்ளம் எடையைக் குறைக்கும், வீசும்போது காற்றைக் கிழிக்கும் ஒலியைத் தரும். அலகின் கோணம் சரியாக இருந்தால்தான் அந்த ஒலி தெளிவாக எழும் என்பதால், தனியாகப் பயில்பவருக்கு அது நல்ல துணை. வெட்டுவதற்காகவே வாங்குபவர் பள்ளமில்லாததை எடுக்கலாம்.

பழைய ஜப்பானிய இராணுவ வாள் ஒன்று மலிவாக வருகிறது. அதையே முதல் வாளாக வாங்கலாமா?

பயிற்சிக்கு வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அதிகாரிகள் வைத்திருந்த வாள்களில் பெரும்பாலானவை அவசரத்தில் பெருமளவில் செய்யப்பட்டவை. சிலவற்றில் குடும்பச் சொத்தாக வந்த பழைய கையடி அலகும் இருக்கும். எது எது என்று பிரித்தறிவதற்குத் தேர்ந்த கண் வேண்டும். ஒருவேளை வாங்கிவிட்டால், நாகாகோவில் படிந்த கருந்துருவைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். வாளின் வயதையும் கொல்லரின் கையொப்பத்தையும் காட்டும் சான்று அதுதான். தேய்த்துவிட்டால் வரலாறும் விலையும் ஒன்றாகப் போய்விடும். அலகை முறைப்படி மெருகேற்றுவதற்கு அங்குலத்துக்கு நூறு டாலர் அல்லது அதற்கு மேலும் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊரில் இருக்கிறேன். துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது?

கார்பன் எஃகு விரல் பட்ட இடத்திலேயே துருப்பிடிக்கும். அலகைத் தொடாமலிருப்பது முதல் பராமரிப்பு. பழைய எண்ணெயை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து பிடித்து அடியிலிருந்து நுனி நோக்கி மட்டும் இழுங்கள். பிறகு கனிம எண்ணெயோ கமேலியா எண்ணெயோ மிக மெல்லியதாகப் பூசுங்கள். கிராம்பெண்ணெய் சிறிது கலந்து வருவதே ஜப்பானியர் வழக்கமாகப் பயன்படுத்தும் சோஜி எண்ணெய். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம்; நாளடைவில் பிசுக்காகிக் கெட்டுவிடும். உப்புக்காற்று வீசும் ஊரில் மாதம் ஒருமுறையாவது உருவிப் பாருங்கள். எண்ணெய் சொட்டும் அளவு பூசினால் உறையின் மரம் அதைக் குடித்து, தூசியைப் பிடித்துவைத்து, அலகில் கீறல் விழச்செய்யும்.

இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் வரவழைக்கச் சட்டத் தடை உண்டா?

உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, உரிமமின்றி ஆயுதங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் ஐந்தாம் வகையில் வாள் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்புகிறோம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீண்ட வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2008 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 1954க்கு முன் செய்யப்பட்டவைக்கும், மரபு முறையில் கையால் செய்யப்பட்டவைக்கும் விலக்கு உண்டு. இயந்திரத்தில் செய்த மலிவு வாளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

தாங்கியில் வைக்கும்போது வாய் மேலா கீழா?

உறையிலிட்ட கட்டானாவை வாய் மேல்நோக்கி இருக்குமாறு வையுங்கள். வாய் கீழே இருந்தால் கூர்ப்பகுதி மரத்தில் படிந்து கிடக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தாங்கியே வேண்டாம். பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.