மெம்பிஸ், நியூ ஆர்லியன்ஸ் தவிர, ப்ளூஸ் இசைக்காகப் போய்ப் பார்க்க வேண்டிய சிறிய ஊர் எது?

அமெரிக்காவின் தெற்குப் பகுதிக்குப் போகிறவர், எல்லோரும் போகும் இரண்டு பெரிய நகரங்களை விட்டுவிட்டு, இசை வரலாறு உள்ள ஒரு சிறிய ஊரைக் கேட்டிருக்கிறார். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஹெலினா. ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், மெம்பிஸிலிருந்து தெற்கே சுமார் 70 மைல் தூரத்தில் இருக்கிறது. நான் மெம்பிஸில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் காரை எடுத்தால் முதலில் மனதில் வருவது அந்த ஊர்தான். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் பாசம் தூக்கலாகவே இருக்கும்.

ப்ளூஸ் என்பது இந்தத் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அதைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் கிளார்க்ஸ்டேலுக்குப் போய்விடுவார்கள். ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று கிட்டார் வித்தையை வாங்கினார் என்ற கதைக்கு அங்கே மவுசு அதிகம். அந்தக் கதையைவிட, ஹெலினாவில் தினமும் மதியம் ஒலிபரப்பான ஒரு கால் மணி நேர வானொலி நிகழ்ச்சிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பருத்திக்காட்டில் குனிந்து நின்ற ஆட்களுக்கு, அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, அவர்களுடைய இசையை அது கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலில் ஊர். மிசிசிப்பியின் இரு கரையும் கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான வண்டல் பூமி. அதை டெல்டா என்பார்கள். அந்தச் சமவெளியின் நடுவே கிரவ்லிஸ் ரிட்ஜ் என்ற நீண்ட மண்மேடு வடக்கிலிருந்து இறங்கி வந்து, சரியாக ஹெலினாவில் ஆற்றைத் தொட்டு முடிகிறது. வெள்ளம் ஏறாத மேடு, அதன் காலடியிலேயே படகுத்துறை என்று அமைந்துவிட்டால் ஊர் உருவாகாமல் இருக்குமா? 1833-ல் ஊராட்சி அமைந்தது. நீராவிப் படகுகள் பருத்தி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயின. இந்த ஆற்றில் படகோட்டியாக வேலை பார்த்த மார்க் ட்வெய்ன், மிசிசிப்பிக் கரையில் மிக அழகாக அமைந்த ஊர்களில் ஒன்று என்று ஹெலினாவைப் பற்றி எழுதியிருக்கிறார். மேட்டின் மேல் ஏறி ஆற்றைப் பார்த்தால் இன்றும் அது உண்மைதான்.

அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். உள்நாட்டுப் போரில் வடக்கின் படை 1862 ஜூலையில் ஹெலினாவைப் பிடித்ததும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தப்பி இங்கே வந்து சேர்ந்தார்கள். விடுதலை கிடைத்தது. ஆனால் முகாம்களில் நோய் தாக்கி ஏராளமானோர் செத்தார்கள். மீதி இருந்தவர்களில் பலர் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். 1863 ஜூலை 4 அன்று தெற்கின் படை ஊரைத் திரும்பப் பிடிக்க வந்து தோற்றபோது, அவர்களை வைத்துத் திரட்டப்பட்ட கறுப்பினப் படைப்பிரிவும் களத்தில் இருந்தது. அதே நாளில் ஆற்றின் கீழ்ப்பக்கம் விக்ஸ்பர்க் சரணடைந்ததால், இந்தப் போர் வரலாற்றில் ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. ஊரில், இங்கிருந்து போன தெற்குப் படையின் ஏழு தளபதிகளைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஃப்ரீடம் பார்க் என்ற பூங்காவில் தப்பி வந்த அடிமைகளின் கதையும் இப்போது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. போனால் அதை விடாதீர்கள்.

அடிமை முறை போனது, அதன் இடத்தில் வாரச் சாகுபடி வந்தது. நிலமும் கோவேறு கழுதையும் விதையும் முதலாளியுடையது. விளைச்சலில் பாதி அவருக்கு. மளிகைச் சாமான் பண்ணைக் கடையில் கடனாக. வருஷக் கடைசியில் கணக்கு பார்த்தால், பெரும்பாலும் உழுதவன்தான் பாக்கி வைத்திருப்பான். கணக்கு நோட்டு முதலாளி கையில்தானே இருக்கிறது!

1919-ல் ஹெலினா இருக்கும் ஃபிலிப்ஸ் கவுண்டியின் தெற்குப் பக்கத்தில், இலேன் என்ற சிற்றூரை அடுத்த கறுப்பின விவசாயிகள் நியாயமான விலை கேட்டுச் சங்கம் அமைத்தார்கள். செப்டம்பர் 30 இரவு அவர்கள் கூடியிருந்த தேவாலயத்தின் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த சில நாட்களில் வெள்ளையர் கும்பல்களும் பின்னால் வந்த ராணுவமும் கறுப்பின மக்களை வேட்டையாடின. வெள்ளையர் ஐந்து பேர் இறந்தார்கள். கறுப்பினத்தவர் நூற்றுக்கும் அதிகம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. இருநூறுக்கு மேல் என்பாரும் உண்டு. அதற்குப் பிறகு வெள்ளையரைக் கொன்றதாக ஹெலினா நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்ற 12 பேருமே கறுப்பினத்தவர்கள்! ஜூரிகள் சில நிமிடங்களில் தீர்ப்பு சொன்னார்கள். ஸிப்பியோ ஜோன்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் விடாமல் போராடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடக்கும் விசாரணை விசாரணையே ஆகாது என்ற 1923 தீர்ப்பு அதில்தான் வந்தது. 1925-க்குள் 12 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஹெலினாவில் இதற்கு நினைவுச் சின்னம் எழுப்ப நூறு வருஷம் ஆனது. 2019-ல்தான் நீதிமன்றத்துக்கு எதிரே வைத்தார்கள்.

இசையைப் பற்றிக் கேட்டால் இதை ஏன் சொல்கிறான் என்று தோன்றலாம். இந்த மண்ணில் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும்தான் பின்னால் அந்த வானொலியைக் கேட்டவர்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த இசையின் கனம் வேறு.

சரி, வானொலிக்கு வருவோம். 1941 நவம்பரில் ஹெலினாவில் கே.எஃப்.எஃப்.ஏ. என்ற சின்ன நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. சன்னி பாய் வில்லியம்சன் என்ற மவுத் ஆர்கன் கலைஞரும், ராபர்ட் லாக்வுட் என்ற கிட்டார் கலைஞரும் அங்கே போய் வாய்ப்பு கேட்டார்கள். விளம்பரதாரர் ஒருவரைப் பிடித்தால் நேரம் தருகிறோம் என்று பதில் வந்தது. இன்டர்ஸ்டேட் க்ரோசர் கம்பெனி என்ற மொத்த மளிகை வியாபாரத்தை நடத்திய மேக்ஸ் மூரிடம் போனார்கள். அவர் விற்ற மாவின் பெயர் கிங் பிஸ்கட். (அங்கே பிஸ்கட் என்பது காலையில் சுடச்சுடச் சாப்பிடும் மெத்தென்ற ரொட்டி.) மாவு வாங்குவதில் பெரும்பங்கு கறுப்பினக் குடும்பங்கள். அவர்களிடம் நேராகப் பேச அந்த வட்டாரத்தில் வேறு வழியில்லை. மூர் ஒத்துக்கொண்டார். இசைக்கலைஞர்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம், இன்று இரவு எந்த ஊரில் வாசிக்கிறோம் என்று ஒலிபரப்பிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்பது. நவம்பர் 21 அன்று ‘கிங் பிஸ்கட் டைம்’ தொடங்கியது. நேரம் மதியம் 12.15 என்று நிலைத்தது. களையெடுப்பும் பருத்தி எடுப்பும் நின்று, ஆட்கள் சாப்பிடும் நேரம் அதுதான்.

மாவு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிற்பாடு சன்னி பாய் பெயரிலேயே சோள மாவு வந்தது. பெரிய சோளக் கதிர் மேல் மவுத் ஆர்கனோடு அவர் உட்கார்ந்திருக்கும் படம் பையில் அச்சிடப்பட்டது. கறுப்பினத்தவர் முன்வாசல் வழியாக நுழைய முடியாத கடைகள் நிறைந்த காலத்தில், கறுப்பினக் கலைஞர் ஒருவரின் பெயரும் முகமும் கடை அலமாரியில் இருந்தன. இதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சிகாகோவில் ஏற்கெனவே ஜான் லீ வில்லியம்சன் என்பவர் சன்னி பாய் என்ற பெயரில் இசைத்தட்டுகளால் புகழ் பெற்றிருந்தார். நம்மவரின் சொந்தப் பெயர் மில்லர். அந்தப் புகழ்பெற்ற பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். வாசிப்பு மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. சி சுருதிக்குச் செய்த மவுத் ஆர்கனை எடுத்து ஜி சுருதியில் வாசிப்பது ப்ளூஸ்காரர்களின் வழக்கம். அப்போது ஊதும் சுரங்களைவிட, மூச்சை உள்ளே இழுக்கும் சுரங்களில் எடை விழும். நாக்கையும் தொண்டையையும் வைத்து அந்தச் சுரங்களைக் கீழே வளைக்கலாம், தேம்ப வைக்கலாம். ப்ளூஸ் பாட்டில் முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் முடிச்சுப் போடுவார்கள். வரிக்கு வரி விடும் இடைவெளியில் கருவி பதில் சொல்லும். சன்னி பாய் பாடிய வாயை எடுக்காமலே வாசிப்பதுபோல், குரல் எங்கே நின்றது, கருவி எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாதபடி அந்தப் பதிலைச் சொல்வார். கையைச் சேர்க்காமல் மவுத் ஆர்கனை முழுசாக வாய்க்குள் விட்டும் வாசிப்பார். அது கூட்டத்துக்காக. எனக்குப் பிடித்தது அவர் வாசிக்காமல் விடும் இடங்கள்.

லாக்வுட்டும் லேசுப்பட்டவர் இல்லை. ராபர்ட் ஜான்சன் ஹெலினாவில் தங்கியது இவருடைய தாய் வீட்டில். ஜான்சனிடமே நேரில் கிட்டார் கற்றவர். டெல்டா வானொலியில் மின்சார கிட்டார் ஒலித்தது இவர் கையால்தான் என்று பலருக்கு நினைவு. குழுவில் பின்னால் டிரம்ஸுக்கு பெக் கர்டிஸ், பியானோவுக்கு பைன்டாப் பெர்க்கின்ஸ் வந்து சேர்ந்தார்கள்.

கேட்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் இந்தக் கால் மணி நேரத்தின் வீச்சு புரியும். மிசிசிப்பியில் இந்தியனோலா பக்கம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய ஒரு இளைஞர் மதியச் சாப்பாட்டு வேளையில் இதைக் கேட்பார். அவர்தான் பி.பி. கிங். பின்னாளில் வெஸ்ட் மெம்பிஸ் வானொலியில் அவருக்குப் பாட இடம் கொடுத்ததும் சன்னி பாய்தான். சிறுவனாக இருந்த ஜேம்ஸ் காட்டன் இதைக் கேட்டுவிட்டு ஹெலினாவுக்கே வந்து சன்னி பாயிடம் ஒட்டிக்கொண்டார். சிகாகோவில் மவுத் ஆர்கனின் ஒலியையே மாற்றிய லிட்டில் வால்டர், பதின்ம வயதில் ஹெலினாவில் இருந்தார். பக்கத்துப் பருத்திக் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பையன் லெவான் ஹெல்ம், பெக் கர்டிஸ் டிரம்ஸ் வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தார். பின்னால் ‘தி பேண்ட்’ ராக் குழுவின் டிரம்மர் ஆனார். ஹெலினாவிலேயே பிறந்தவர்களும் குறைவில்லை. ஸ்லைடு கிட்டாருக்கு ராபர்ட் நைட்ஹாக், நற்செய்திப் பாடல்களுக்கு ரோபர்ட்டா மார்ட்டின். போலியோவால் கைவிரல்கள் வராமல் போய், சாப்பாட்டுக் கத்தியைக் கம்பியில் தேய்த்தே கிட்டார் வாசித்த சிடெல் டேவிஸும் இந்த ஊரில் பிறந்தவர்தான். அவரைக் கட்டாயம் தேடிக் கேளுங்கள்.

1960களில் சன்னி பாய் ஐரோப்பா போனார். இரண்டு நிற சூட்டும் உருண்டைத் தொப்பியுமாக இங்கிலாந்து இளைஞர்களோடு மேடை ஏறினார். அங்கே நல்ல மரியாதை. இருந்தும் ஹெலினாவுக்குத் திரும்பி, பழையபடி அதே மாவு நிகழ்ச்சியில் வாசித்தார். 1965 மே மாதம் இங்கேயே இறந்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை. 1951-ல் அதன் அறிவிப்பாளரான சன்னி பெய்ன், நடுவில் சில வருஷ இடைவெளி தவிர, 2018-ல் தன் 92-வது வயதில் இறக்கும் வரை அதை நடத்தினார். 17,000-க்கும் அதிகமான ஒலிபரப்புகள்!

இன்றைய ஹெலினாவைப் பார்த்தால் மனம் கனக்கும். பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்து கூலி வேலை போனது, ஆட்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயில் ஏறினார்கள். பக்கத்து வெஸ்ட் ஹெலினாவின் ரப்பர் தொழிற்சாலை 1970களின் கடைசியில் மூடப்பட்டது. 2006-ல் இரண்டு ஊர்களும் ஒன்றாக இணைந்தும் மக்கள்தொகை பத்தாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. செர்ரி தெருவில் செங்கல் கட்டடங்கள் அழகாக நிற்கின்றன, பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. இத்தனை இசையை உலகத்துக்குக் கொடுத்த மக்களுக்குத் திரும்பி வந்தது மிகக் குறைவு. இந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றாமை உண்டு. வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடாமல், உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு நாலு காசு செலவழித்தால் நல்லது.

பழைய ரயில் நிலையத்திலும் செர்ரி தெருவிலுமாக டெல்டா கல்ச்சுரல் சென்டர் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம். ‘கிங் பிஸ்கட் டைம்’ அங்கிருந்துதான் ஒலிபரப்பாகும். வார நாளில் மதியம் 12 மணிக்குள் போய்விடுங்கள், கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கலாம். 1986-லிருந்து அக்டோபரில் கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழா நடக்கிறது. மேடை கீழே, வெள்ளத் தடுப்புக் கரையின் புல் சரிவில் ஜனங்கள். நாற்காலியை முன்கூட்டியே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். விழா சமயத்தில் ஊருக்குள் தங்குவதற்கு அறை கிடைப்பது கஷ்டம். 1961-ல் திறந்த பாலத்தில் ஆற்றைக் கடந்து கிளார்க்ஸ்டேலில் தங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.