பழைய பாக்கெட் கால்குலேட்டரை உடைக்காமல் கழற்றி உள்ளே பார்ப்பது எப்படி?

ஸ்க்ரூட்ரைவரை எடுக்கும் முன் டிஸ்பிளேயைப் பாருங்கள். எதில் கைபடக்கூடாது என்பதை அதுவே சொல்லிவிடும். சிவப்பாக ஒளிரும் எண்கள் எல்இடி; நீலப்பச்சை என்றால் விஎஃப்டி என்ற கண்ணாடிக் குழாய்; சாம்பல் நிறத்தின் மேல் கறுப்பு எண்கள் எல்சிடி.

பேட்டரியை எடுத்துவிட்டு சுவிட்சை ஆனிலேயே ஒரு நிமிடம் விடுங்கள், கெபாசிட்டரில் மிச்சமுள்ள சார்ஜ் வடியட்டும். ஸ்க்ரூ கண்ணில் படவில்லையா? பேட்டரி அறைக்குள்ளும் ரப்பர் கால்களுக்கு அடியிலும் தேடுங்கள். லேபிளை விரலால் அழுத்தித் தடவினால், அடியில் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் பள்ளம் தட்டுப்படும். மீதி ஓரக் கொக்கிகள்தான். இரும்பு நுனியால் நெம்பினால் பழைய பிளாஸ்டிக் விண்டுவிடும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு போதும். பின்மூடியைச் சட்டென்று இழுக்காமல் புத்தகம் போலத் திறங்கள், பேட்டரி ஒயர் அதோடு சேர்ந்தே வரலாம்.

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. நிக்கல்-காட்மியம் பேட்டரி என்றால் அது காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கையுறை அவசியம்.

பார்க்க மிக அழகானது விஎஃப்டி. தலைமுடியைவிட மெல்லிய இழைகள், அவற்றுக்குப் பின்னால் கம்பி வலை, அதற்கும் பின்னால் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசிய எண் துண்டுகள். இதற்குச் சுமார் 20 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பக்கத்தில் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் பேட்டரி மின்னழுத்தத்தை அதற்காகத்தான் உயர்த்துகிறது. குழாயின் கூர்முனையைத் தட்டிவிடாதீர்கள். உள்ளே கண்ணாடி போல மின்னும் வெள்ளிப் பொட்டு வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வழியில்லை.

எல்இடியில் எண்ணுக்கு மேலுள்ள குமிழ் வெறும் லென்ஸ். ஒளிரும் துண்டுகள் மிகச் சிறியவை. எல்சிடிக்கும் போர்டுக்கும் நடுவே வரிவரியான ரப்பர் பட்டை இருக்கும். மின்சாரம் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் அதில் மாறிமாறி வரும். இது சிறிது நகர்ந்தாலும் எண்களில் கோடுகள் காணாமல் போகும். கழற்றும் முன் போட்டோ எடுத்துவையுங்கள்.

விசைப்பலகையின் பிளாஸ்டிக் முனைகள் உருக்கி அமுக்கப்பட்டிருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். வெட்டிப் பிரித்தால் விசைகளுக்கு அடியிலுள்ள உலோகக் குமிழ்கள் சிதறும், திரும்ப இறுக்கமாகப் பொருத்துவது பெரும்பாடு.

மண்ணோடு இணைப்புள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பெரிய சிப்பைப் பாருங்கள். நிலைமின்சாரம் இதைக் கொன்றுவிடும். 1971இல் ஜப்பானின் புசிகாம் நிறுவனத்தின் எல்இ-120ஏ கால்குலேட்டர் வந்தபோது கணக்கு முழுவதும் அமெரிக்காவின் மோஸ்டெக் நிறுவனம் செய்த ஒரே சிப்பில் அடங்கிவிட்டது. சிப்பில் 7432 போல நான்கு இலக்கம் தனியாக இருந்தால், பெரும்பாலும் அது 1974இன் 32ஆவது வாரத்தைக் குறிக்கும். மாடல் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.