காது இல்லாத கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொம்மைக் கார் பந்தயத்தைப் பற்றிய பழைய ஜப்பானிய கார்ட்டூன் ஒன்றைச் சென்ற மாதம் ஒரு வரியில் பாராட்டியிருந்தீர்கள். என் பத்து வயது மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பையன்கள் காரைத் தரையில் விட்டுவிட்டுக் கூடவே ஓடுகிறார்கள். ரிமோட் கிடையாது. "போ, மேக்னம்!" என்று கத்தினால் கார் கேட்டுக்கொண்டு வளைகிறது. "காருக்குக் காது எங்கே இருக்கிறது?" என்றான் மகன். பொம்மை விற்பதற்கான விளம்பரம்தானே இது? இதில் அப்படி என்ன கண்டீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

விளம்பரம்தான். அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. தெத்சுஹிரோ கோஷிதா வரைந்த அந்தச் சித்திரக்கதை 1994இல் 'கொரோகொரோ' என்ற சிறுவர் மாத இதழில் தொடங்கியது. கதையில் ஓடிய கார்களை ஷிசுவோக்காவின் தாமியா நிறுவனம் பெட்டியில் போட்டு விற்றது. 1996இல் தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டது. அண்ணன் பெயர் ரெட்சு, தம்பி பெயர் கோ. ஜப்பானிய உச்சரிப்பில் சேர்த்துச் சொன்னால் 'லெட்ஸ் அண்ட் கோ', அதுவே தலைப்பு. குடும்பப் பெயர் செய்பா. அவர்களுடைய கார்களின் பெயர் 'சேபர்', ஜப்பானியர் வாயில் அதுவும் ஏறக்குறைய 'செய்பா'தான். கடைச் சரக்கின் பெயரையே குடும்பப் பெயராக வைக்கும் துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உங்கள் மகன் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த வண்டி, அசலில் 32இல் ஒரு பங்கு அளவு. இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு மோட்டார். மோட்டாரின் சுழற்சியை ஒரு மெல்லிய கம்பி மறுமுனைச் சக்கரங்களுக்கும் கொண்டுபோக, நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றும். திருப்புவதற்கு எதுவுமே இல்லை. ஓரங்களில் இருக்கும் சிறு உருளைகள் தடத்தின் சுவரில் உரச, சுவர்தான் வண்டியைத் திருப்பி அனுப்புகிறது.

இப்போது கதாசிரியரின் திண்டாட்டத்தை யோசித்துப் பாருங்கள். கையை விட்ட நொடியில் கதாநாயகனுக்கு வேலை முடிந்துவிட்டது! அதே இதழில் 1987இல் தொடங்கிய 'டாஷ்! யோன்குரோ' இதற்கு ஒரு வழி கண்டது. பையன்கள் கையில் கோலைக் கொடுத்து, ஓடிக்கொண்டே வண்டியைத் தட்டித் திருப்ப வைத்தது. கோஷிதா கோலைப் பிடுங்கிவிட்டுக் குரலைக் கொடுத்தார். எனக்கு இதுதான் பிடித்தது. கேரம் ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போன பிறகும் நாம் தோளைச் சாய்க்கிறோமே, அந்தச் சாய்வைத்தான் அவர் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார். நம் தோளுக்கு ஸ்ட்ரைக்கர் பணிவதில்லை, அவர் கதையில் கார் பணிந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சொன்ன பெரிய பொய் வேறு. கதையில் தம்பியின் மேக்னம் நேர்த்தடத்தில் புலி, அண்ணனின் சோனிக் வளைவில் புலி. கடையில் வாங்கிப் பிரித்தால் இரண்டுக்கும் அடியில் 'சூப்பர் ஒன்' என்ற ஒரே சட்டகம். வளைவில் நிற்பதும் பறப்பதும் நீங்கள் போடும் பல்சக்கரத்தையும் உருளையையும் பொறுத்தது. அந்த வேலையெல்லாம் மேசையில், கத்தலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

போன வருடம் நானும் ஒன்று வாங்கிப் பூட்டினேன். சுவிட்சைத் தள்ளியதும் உள்ளங்கையில் ஒரு துடிப்பு. பிடித்த வண்டு விடுபடப் பார்ப்பதுபோல. வேகமான மோட்டாரைப் போட்டு, சுவர் எதுவும் இல்லாத வராந்தாவில் விட்டேன். நேரே போனது. பூந்தொட்டியை நோக்கிப் போகிறது என்று தெரிந்ததும், ஐம்பது வயதைத் தாண்டிய நான் "திரும்பு, திரும்பு" என்று கத்தியதை எதிர்வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

மகனுக்கு வாங்கிக் கொடுப்பதானால் பெட்டியோடு வரும் மோட்டாரே போதும். இரண்டு பக்கமும் பலகை வைத்து ஓட விடச் சொல்லுங்கள். எங்கள் தொட்டியில் இன்னும் விரிசல் இருக்கிறது.