மூன்று பிள்ளைகள், ஒரு ஆல்பம், ஒரு கல்லூரி விண்ணப்பம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. மூத்தவனுக்கு 18, மகளுக்கு 16, கடைக்குட்டிக்கு 13. மூவரும் சேர்ந்து முதல் ராக் ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். மூத்தவன் இப்போது கல்லூரியே வேண்டாம் என்கிறான். தடுப்பதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆல்பத்தைத் தடுக்காதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தையும் கைவிட விடாதீர்கள்.

அவன் உங்களிடம் ஹான்சன் என்ற அமெரிக்க இசைக்குழுவின் மூன்று சகோதரர்களைக் காட்டியிருப்பான். 1997-ல் அவர்களுடைய ஆல்பம் உலகமெங்கும் ஓடியபோது மூவருக்கும் வயது 16, 14, 11 தான். அதற்கு முன் 1995-லும் 1996-லும் சொந்த முயற்சியில் இரண்டு ஆல்பங்கள் போட்டிருந்தார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். உலகம் 'முதல்' என்று கேட்டது உண்மையில் மூன்றாவது. உங்கள் பிள்ளைகள் இப்போதுதான் அந்த வரிசையில் முதலாவதில் நிற்கிறார்கள். அடுத்த இரண்டுக்கும் காலம் வேண்டும், படிப்பு நடக்கிற அதே காலம்தான் அது. ஹைம் என்ற அமெரிக்க ராக் குழுவின் மூன்று சகோதரிகளில் மூத்தவரான எஸ்டி, கலிபோர்னியாவில் இசையியல் சார்ந்த பட்டம் முடித்த பிறகுதான், 2013-ல், அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. அப்போது அவருக்கு 27 வயது. பட்டத்தால் அந்த இசைக்குழு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஒலிப்பதிவுப் பொறியியல், இசைத் தயாரிப்பு, பதிப்புரிமைச் சட்டம் என்று அவன் ஆர்வத்தை ஒட்டியே படிப்புகள் உண்டு. நான் சொன்னால் சட்டத்தைத்தான் சொல்வேன். இந்தத் துறையில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

அடுத்து, உங்கள் கணவர் மேனேஜராக இருக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் வில்சன் சகோதரர்கள் மூவருக்கும் அப்பாதான் மேனேஜர். 1962-ல் முதல் ஆல்பம் வந்தது, 1964-ல் அப்பாவையே விலக்கிவிட்டார்கள். ஆனால் பாடல்களின் உரிமை அவர் கையிலேயே இருந்தது. 1969-ல் அதை சுமார் 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். தி ஷாக்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் சகோதரிகளுடைய கதை இன்னும் மோசம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இசைக்குழு நடத்த வைத்தவர் அப்பாதான். 1975-ல் அவர் இறந்ததும் குழுவும் நின்றுபோனது. உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று சொல்ல வரவில்லை. அப்பாவாக இருப்பவரிடம் பிள்ளைகள் கணக்குக் கேட்க மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

ஆகவே ஆல்பம் வெளியாகும் முன் ஒரு தாள் எழுதுங்கள். பாடலின் வரியும் மெட்டும் ஒரு உரிமை, பதிவு செய்த ஒலி இன்னொரு உரிமை. இரண்டும் வேறு வேறு. ஒவ்வொரு பாடலுக்கும் எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறித்து மூவரும் கையெழுத்திடட்டும். 'நமக்குள்ள என்னம்மா கணக்கு' என்பார்கள். பணம் வராத இந்த நாளில் எழுதினால் அரைமணி நேர வேலை, வந்த பிறகு எழுதினால் வக்கீல் வேண்டும். பல நாடுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர் போடும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இளையவர்கள் இருவருக்காகவும் உங்களிடம்தான் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு வழக்கறிஞர் பார்க்காமல் போடாதீர்கள். கடைக்குட்டியின் பங்கு அவன் பெயரிலேயே தனிக் கணக்கில் இருக்கட்டும்.

இரண்டு பக்கக் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: 'அவள் டிரம்ஸ் வாசிப்பாள், உயிரியலில் நல்ல மதிப்பெண்.' நண்பர்கள் சேர்ந்த குழு என்றால் பிடிக்காதவர் விலகிவிடலாம். உடன்பிறந்தவர்கள் குழுவில் விலகுவது வீட்டை விட்டுப் போவதுபோல் ஆகிவிடுகிறது. அதனாலேயே வாய் திறக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் பக்கத்தில் இல்லாத ஒரு நேரத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்து, அடுத்த வருடம் என்ன செய்ய ஆசை என்று கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், அதன் பிறகு மூத்தவனின் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.