ஸ்காபரோவில் இருக்கலாமா? களுவாஞ்சிகுடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து கனடாவுக்கு வந்து சில கிழமைகள்தான் ஆகின்றன. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏஜாக்ஸில் சித்தப்பா வீட்டில் இருக்கிறீர்கள். வேலை ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், ஒரு களஞ்சியத்தில், இரவு முறை. லோரன்ஸ் வீதியும் மார்க்கம் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேஸ்மென்ட் அறை ஒன்று வாடகைக்கு இருப்பதாக நண்பர் சொல்கிறார். சித்தப்பாவோ, "ஸ்காபரோ பழுதாகிவிட்டது, துப்பாக்கிச்சூடு, கார்க்களவு, அங்கே போகாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அறையைப் போய்ப் பாருங்கள். சித்தப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பேசுவது எந்தக் காலத்து ஸ்காபரோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

1983க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் பலர் முதலில் குடியேறியது ரொறன்ரோ நடுநகரில் உள்ள சென்ட் ஜேம்ஸ் டவுனில். அந்த அடுக்குமாடிகளை 1960களில் கட்டியபோது, கல்யாணமாகாத, கையில் காசுள்ள இளம் உத்தியோகத்தர்களை மனதில் வைத்தே கட்டினார்கள். அவர்கள் போக, புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் நிறைந்தார்கள். எங்களவர்கள் ஓர் அறையில் நாலைந்து பேராகப் படுத்து, முறைவைத்துச் சமைத்து, ஊருக்குக் காசு அனுப்பியது அங்கேதான். கொஞ்சம் தலைநிமிர்ந்ததும் தொண்ணூறுகளில் ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். சாமான் இறக்கி முடிவதற்குள், "சென்ட் ஜேம்ஸ் டவுனா? அங்கே பிள்ளை வளர்க்க முடியுமா?" என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் என்று சுற்றியுள்ள நகரங்களில் வீடு வாங்கினார்கள். இப்போது அதே கேள்வி ஸ்காபரோவைப் பற்றி. இன்னும் கொஞ்சக் காலத்தில், அதற்கும் கிழக்கே ஓஷாவாவில் வீடு வாங்கியவர் ஏஜாக்ஸைப் பற்றி இப்படிச் சொல்லப் போகிறார், பாருங்கள்.

பயம் காரணமில்லாமல் வந்தது என்றும் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பிள்ளைகளே குழுக்களாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். 2001இல் பொலிசார் பெரிய சுற்றிவளைப்பு நடத்திப் பலரைப் பிடித்தார்கள். டோனட் கடை வாசலில் நிற்கும் மகனை இரவில் தேடிப் போன தகப்பன்மார் இன்று அறுபது, எழுபது வயதுக்காரர்கள். அவர்களுடைய ஸ்காபரோ அந்த ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. 2018இல் ரொறன்ரோ நகரம் முழுவதுமாக 96 கொலைகள் நடந்தபோது, "நாங்கள் அன்றைக்கே சொன்னோமே" என்றார்கள். அது 27 இலட்சம் பேர் வாழும் நகரத்தின் கணக்கு என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஸ்காபரோ 1998 வரை தனி மாநகரம். அந்த ஆண்டு அதை ரொறன்ரோவுடன் இணைத்துவிட்டார்கள். ஆனால் பெயர் போகவில்லை. கிழக்குப் பக்கம் எங்கே எது நடந்தாலும் "ஸ்காபரோவில்" என்ற ஒரே சொல்லில் செய்தி முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல். 2012 குடிசன மதிப்பில் எங்கள் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் வந்த தொகை ஐந்தேகால் இலட்சம் அளவுதான்.

பட்டிருப்புப் பாலத்தடியில் வளர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல. வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இருந்துகொண்டு, மேற்கே உள்ள படுவான்கரையை நாங்கள் பேசிய பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 2007 வரை அது புலிகளின் பகுதி. "அங்கேயா போகிறாய், பயமில்லையா?" என்று கேட்டவர்களின் வீட்டு அரிசியும் தயிர்ச்சட்டியும் அங்கிருந்துதான் வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில் ஏறி வந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்து, பாதைக்குக் காத்திருக்கும் வேலை ஒழிந்த பிறகும் சில வீடுகளில் அந்தக் கேள்வி மாறவில்லை. கேட்டவர்களில் எத்தனை பேர் கொக்கட்டிச்சோலைக் கோயில் திருவிழாவைத் தவிர வேறு நாளில் அந்தக் கரையை மிதித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

"தெருவில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை, மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் ஊரில் ஆளில்லாத தெரு என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்: ஊரடங்கு, சுற்றிவளைப்பு, ஹர்த்தால். உடம்பு அதை மறப்பதில்லை. இங்கே தெருவை அமைத்ததே அப்படி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, வீட்டுக்கு ஒரு கார் என்ற கணக்கில் விரிந்த இடம் ஸ்காபரோ. வீடுகள் ஒரு பக்கம், வாகனத் தரிப்பிடத்தின் நடுவே கடைத்தொகுதி இன்னொரு பக்கம், இடையில் ஆற்றைப்போல அகன்ற வீதி. சனம் காருக்குள்ளும் கடைக்குள்ளும் இருக்கிறது. சனிக்கிழமை பின்நேரம் ஏதாவது ஒரு தமிழ்க் கடைத்தொகுதிக்குப் போய் நில்லுங்கள். கீழே கொத்துரொட்டித் தகடு அடிபடும். பக்கத்தில் நகைக்கடை, புடவைக்கடை, வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். மேல்மாடியில் கணித வகுப்பு. கீழே காருக்குள் இயந்திரத்தை நிறுத்தாமல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய். விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தால் இன்னும் தெளியும்: சாப்பாட்டுப் பையும் பாதுகாப்புச் சப்பாத்துமாக எல்லா நாட்டுச் சனமும் நிற்கும்.

உங்களுக்கு உண்மையில் ஆபத்து அந்த அகன்ற வீதிதான். கறுத்த குளிர்ச்சட்டையோடு, பனிக்கால இருட்டில், சமிக்ஞை விளக்கு வரை நடக்கச் சோம்பல்பட்டு இடையில் கடக்காதீர்கள்.

இனி அறை. இரவு வேலைக்காரருக்கு ஏரியாவின் பெயரைவிட பஸ்தான் முக்கியம். லோரன்ஸ் வீதியில் 354ஆம் இலக்க இரவு பஸ் ஓடுகிறது. ஏஜாக்ஸிலிருந்து நடுச்சாமத்தில் கார் இல்லாமல் வந்துபோவது பெரும்பாடு. 2024 பெப்ரவரியிலிருந்து டர்ஹம் (ஏஜாக்ஸ் இருக்கும் பகுதி), யோர்க் பகுதி பஸ்ஸிலிருந்து ரொறன்ரோ பஸ்ஸுக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் இல்லை, காசு மிச்சம்தான். ஆனால் நடுச்சாமத்தில் வீதியோரம் காத்துக் கிடப்பதை அது குறைக்காது. ஸ்காபரோவின் சின்ன ரயில் 2023இல் தடம்புரண்டதோடு மூடப்பட்டது. சுரங்க ரயிலைக் கிழக்கே நீட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை நம்பி அறை எடுக்காதீர்கள்.

அறையைப் பகலில் ஒருமுறை, வேலைக்குப் புறப்படும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கவாசலில் விளக்கு எரிகிறதா, புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் உண்டா, வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பது யார் கையில் என்று கவனியுங்கள். வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை முற்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று தனிப் பணம் கேட்க ஒன்ராறியோ சட்டத்தில் இடமில்லை. தமிழர்தானே என்று வாய்ப்பேச்சில் முடிக்காமல் மாகாணத்தின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு.

ஸ்காபரோவில் பயப்படத்தான் வேண்டுமென்றால் வாடகைக்குப் பயப்படுங்கள். எக்ளின்ரன் வீதியில் கோல்டன் மைல் பகுதியின் பழைய கடைத்தொகுதிகளை இடித்துக் கோபுரக் குடியிருப்புகள் கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். "பழுதாகிவிட்ட" இடத்தில் முதலாளிகள் எதற்காகக் காசைக் கொட்டுகிறார்கள் என்று சித்தப்பாவிடம் நான் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்க வேண்டாம். "இரவு வேலைக்கு இங்கிருந்து போய்வருவது கஷ்டம், சித்தப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். சித்தி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார், போங்கள். யாராவது வீட்டு விலை பேசத் தொடங்கினால் தலையைக் குனிந்து நண்டுக்காலைக் கடித்துக்கொண்டிருங்கள்.