ஐப்டேசியாவுக்கு மருந்து பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் சிறிய கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். "பூச்சி இல்லாதவை" என்று எழுதி விற்ற பவளத் துண்டுகளைப் போன மாதம் ஒரு கடையில் வாங்கினேன். இப்போது பாறையெங்கும் கண்ணாடி போன்ற பழுப்பு நிறப் பூக்கள். ஒன்றைச் சுரண்டினேன், அதே இடத்தில் பல முளைத்துவிட்டன. இரவில் டார்ச் அடித்தால் முடி முளைத்த புழுக்களும் ஊர்கின்றன. எல்லாவற்றையும் ஒழிக்கும் மருந்து என்று கடைக்காரர் 45 வெள்ளிக்கு ஒரு பாட்டிலைக் காட்டுகிறார். வாங்கலாமா? பவளத்துக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
- வாசகர், செங்காங்

பதில்: பாட்டில் வேண்டாம். பவளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. செம்பு கலந்ததாக இருந்தால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பாறையில் ஊறிய செம்பு பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதாத எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முடி முளைத்த புழுவைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிஸில் புழுக்களில் பெரும்பாலானவை மிச்சத் தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை. ரொம்பப் பெருகினால் தீனியைக் குறையுங்கள். வெறுங்கையால் தொட்டால் முள் ஏறி எரியும், அவ்வளவுதான்.

தொல்லை அந்தப் பூக்கள்தான். ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி, பூப்போலத் தெரியும் ஒரு விலங்கு. அடிப்பாகத்தின் ஒரு துணுக்கு பாறையில் ஒட்டியிருந்தாலே புதிதாக வளர்ந்துவிடும், நீங்கள் சுரண்டியபோது நடந்தது அதுதான். பக்கத்துப் பவளத்தையும் கொட்டிக் கருக்கும். பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சிமென்ட் கட்டையில் மட்டும் இருந்தால், பவளத்தைப் பெயர்த்துப் புதுக் கட்டையில் ஒட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போடுங்கள். செலவே இல்லாத வழி இது, ஆனால் எந்தக் கடையும் இதைச் சொல்லாது.

பாறையில் நாலைந்து இருந்தால், ஐப்டேசியாவுக்கென்றே விற்கும் பசையை சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். அப்போது பம்பை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பசை பறந்து பவளத்தின் மேல் விழும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் தண்ணீரின் காரத்தன்மை எகிறும்.

எங்கும் பரவியிருந்தால் ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் வாங்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேமல் இறாலை அதே பெயரில் விற்பதுண்டு. முதுகில் கூன், சிவப்போடு பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள், புள்ளிகள் இருந்தால் அது கேமல். ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் மென்பவளத்தைக் கடிக்கும். சரியான இறாலிலும் சில தீனி கிடைத்தால் ஐப்டேசியா பக்கமே போகாது. பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும், அதனால் நம்பகமானது. ஆனால் விலை அதிகம், பெருகி வேலை முடிக்க மாதக்கணக்கில் ஆகும், அது தீர்ந்ததும் நத்தை பட்டினியில் சாகும். காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீனை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள், சிறு தொட்டியில் அது பிழைக்காது.

பாறையைக் கொதிக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஜோயந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு கலந்து வரும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் மூடிய அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்து பார்க்கவே கூடாது.

இப்போது பணம். கடலிலிருந்து வந்த பொருளில் பூச்சி இருப்பது சகஜம், அதற்காக மட்டும் வாதாட முடியாது. உங்கள் விஷயம் வேறு. "பூச்சி இல்லாதவை" என்று எழுதி விற்றார்கள். பொய்யான வாக்குறுதி நியாய வர்த்தகச் சட்டப்படி முறையற்ற செயல். அந்த விளம்பரம், ரசீது, தேதியுள்ள படங்களை எடுத்துக்கொண்டு முதலில் கடையில் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸை அணுகலாம். அப்புறம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கட்டையிலேயே பூச்சி வந்தது என்று காட்டும்படி வாங்கிய அன்றே எடுத்த படம் இல்லையென்றால் இது இழுபறிதான். பாதிப் பணத்துக்குக் கடைக்காரர் ஒத்துக்கொண்டால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

கேள்வி: வெளிநாடு போகும் ஒருவர் கடல்நீர்த் தொட்டி, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பாறை எல்லாவற்றையும் சேர்த்து மலிவாக விற்கிறார். வாங்கலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: சில்லருக்காகவே வாங்கலாம். நம் ஊர் வெயிலில் அது இல்லாமல் பவளம் நிற்காது, புதிதாக வாங்கினால் அதுதான் பெரிய செலவு. ஓடவிட்டு, தண்ணீர் குளிர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் பாறை வேண்டாம். போடவில்லை என்றாலும் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாறையில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபரிடம் வாங்கும்போது, பழுதான பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் 'லெமன்' சட்டம் துணைக்கு வராது. பழுது நீக்கிக் கொடு என்று பிறகு கேட்க முடியாது.